ஆட்டம் இல்லாத மாதங்களில் ஃபுட்பால் கோச் என்ன படிக்கலாம்?

ஏப்ரல் 14, 2025 – வந்த கேள்வி

சார், போன வருடம்தான் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்தேன். ஹெட்மாஸ்டர் ஃபுட்பால் டீமை என் தலையில் கட்டிவிட்டார். நான் காலேஜில் ஆடியது வாலிபால். குறுவட்டப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே வெளியே வந்துவிட்டோம். இந்த மே விடுமுறையில் நாலைந்து புத்தகமாவது படித்துவிடலாம் என்று இருக்கிறேன். 4-3-3 மாதிரி ஆட்களை நிறுத்தும் முறை, எதிரணியை நெருக்கிப் பந்தைப் பறிக்கும் பிரெஸ்ஸிங் எல்லாம் எந்தப் புத்தகத்தில் நன்றாக இருக்கிறது? ஆங்கிலம் படிப்பேன், ஆனால் மெதுவாகத்தான்.

ஏப்ரல் 15

தம்பி, 4-3-3 புத்தகத்துக்கு இப்போது பணம் போடாதீர்கள். நீங்கள் முதலில் படிக்க வேண்டியது இலவசமாகவே கிடைக்கிறது. 'லாஸ் ஆஃப் தி கேம்', ஆட்ட விதிகள். ஐஃபாப் என்ற அமைப்பு வருடா வருடம் வெளியிடுகிறது, பிடிஎஃப் ஆகவும் இருக்கிறது, ஃபோனில் ஆப் ஆகவும் இருக்கிறது. மொத்தம் 17 விதிகள். சிரிக்காதீர்கள். நான் பார்த்த கோச்சுகளில் இதை முதலிலிருந்து கடைசி வரை படித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதில் பாதிப் பேர் ரெஃப்ரி பரீட்சைக்காகப் படித்தவர்கள்.

எங்கள் குமரிக் கடற்கரைப் பக்கம் பையன்கள் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) ஆடியே வளர்கிறவர்கள். செவன்ஸில் ஆஃப்சைடு (பந்து தரப்படும்போது எதிரணி கோல் பக்கம், பந்தையும் அவர்களின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி நிற்கும் தப்பு) கிடையாது. அதனால் பதினொரு பேர் ஆட்டத்துக்கு வந்ததும் நம் ஃபார்வர்டு எதிரணி கோல்கீப்பருக்குப் பக்கத்தில் போய் நின்று அவனிடம் ஊர்க் கதை பேசிக்கொண்டிருப்பான். ஆஃப்சைடு என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்துவிடலாம், அது பெரிய வேலை இல்லை. ஆனால் த்ரோ-இன், கோல் கிக், கார்னர் மூன்றிலிருந்தும் நேராகப் பந்தை வாங்கினால் ஆஃப்சைடு இல்லை என்பதை எத்தனை பேர் சொல்லிக்கொடுக்கிறோம்? த்ரோ-இன் நேரத்தில் ஒருவனை டிஃபென்டர்களுக்குப் பின்னால் போய் நிற்கச் சொல்லுங்கள். லைன் அம்பயர் கொடி தூக்க முடியாது. பள்ளி அளவில் எதிரணி டிஃபென்டர்களுக்கும் இது தெரியாது, கையைத் தூக்கிக்கொண்டு ரெஃப்ரியைப் பார்த்து நிற்பார்கள். இதற்கு எந்த டாக்டிக்ஸ் புத்தகமும் வேண்டாம், 11-வது விதியில் ஒற்றை வரி போதும்.

அப்புறம் கோல் கிக். 2019 வரை கோல் கிக் பெனால்டி ஏரியாவை விட்டு வெளியே போனால்தான் பந்து ஆட்டத்தில் இருப்பதாகக் கணக்கு. இப்போது உதைத்துப் பந்து நகர்ந்தாலே போதும், நம் ஆள் ஏரியாவுக்குள்ளேயே வாங்கலாம், எதிரணி மட்டும் அதுவரை வெளியே நிற்க வேண்டும். டிவியில் பெரிய கிளப்புகள் கோல்கீப்பருக்கு இருபுறமும் டிஃபென்டரை நிறுத்திச் சின்னதாகத் தட்டி ஆரம்பிக்கிறார்களே, அது இந்த மாற்றத்துக்குப் பிறகு பெருகியதுதான். பன்னிரண்டு வயசுப் பையன் காலில் பந்து அவ்வளவு தூரம் போகாது, அவனுக்கு இந்த விதி வரப்பிரசாதம்.

ஏப்ரல் 15, இரவு

ஆங்கிலம் மெதுவாகத்தான் என்று சொல்லியிருந்தீர்கள். விதிப் புத்தகத்துக்கு அது நல்லதுதான். வேகமாகப் படித்தால் ஒன்றும் ஏறாது. ஒரு நாளைக்கு ஒரு விதி. 12-வது விதிக்கு (ஃபவுல், கார்டு) மட்டும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பக்கங்களைத் தாண்டிவிடாதீர்கள். சிறுவர் ஆட்டம், வெட்டரன்ஸ், ஊர் மட்ட ஆட்டங்களுக்கு என்னென்ன மாற்றிக்கொள்ளலாம் என்று அங்கே இருக்கிறது: மைதான அளவு, பந்து அளவு, ஆட்ட நேரம், வெளியே போனவன் திரும்ப உள்ளே வருவது. போட்டி நடத்துகிறவர்கள் இதைப் படித்திருந்தால் பாதிச் சண்டை வராது.

ஏப்ரல் 18

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: விதி படிப்பது ரெஃப்ரி வேலை, கோச்சுக்கு வேண்டியது ஆட்டத்தின் மூளை என்று. சரி. அந்த மூளை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

1866-லிருந்து 1925 வரை ஆஃப்சைடு இல்லாமல் இருக்க முன்னால் எதிரணியின் மூன்று பேர் இருக்க வேண்டும். அதனால் ஒரே ஒரு ஃபுல்-பேக் (பின்வரிசை டிஃபென்டர்) மேலே ஏறினாலே எதிரணி மாட்டிக்கொள்ளும், தப்பினாலும் பின்னால் இன்னொருவர் காவலுக்கு இருப்பார். நியூகாசில் அணியின் பில் மெக்ராக்கன் இந்தப் பொறியில் பேர் போனவர், ஆட்டம் மைதானத்தின் நடுவிலேயே நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தது. 1925-ல் மூன்றை இரண்டாகக் குறைத்தார்கள். இங்கிலாந்து லீகில் அதற்கு முந்தைய சீசனில் 4,700 கோல், அடுத்த சீசனில் 6,373. டிஃபென்ஸ் சல்லடை ஆகிவிட்டது. அந்த அக்டோபரில் ஆர்சனல் அதே நியூகாசிலிடம் 7-0 என்று அடி வாங்கியது, உடனே நடுக்களத்தில் ஆடும் சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்து டிஃபென்டர் ஆக்கலாம் என்று ஆர்சனல் ஆட்டக்காரர் சார்லி புக்கன் சொல்ல, மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன் கேட்டுக்கொண்டார். டபிள்யூ-எம் என்று பிற்பாடு உலகமெல்லாம் ஆடிய ஃபார்மேஷன் அங்கிருந்து வளர்ந்தது. மூன்று என்ற எண் இரண்டானது. அவ்வளவுதான் நடந்தது.

இன்னொன்று. 1990 உலகக் கோப்பையில் ஆட்டத்துக்குச் சராசரி 2.21 கோல். பந்தைக் கோல்கீப்பருக்குத் திருப்பித் தட்டு, அவர் கையில் எடுப்பார், மறுபடி தட்டு. பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்தக் கொடுமை. 1992-ல் சொந்த ஆள் காலால் கொடுக்கும் பாஸைக் கீப்பர் கையால் தொடக் கூடாது என்றார்கள். இன்று கீப்பருக்குக் கால் வேலை தெரிய வேண்டும் என்று எல்லா கோச்சும் பேசுகிறோமே, அதற்கு விதை இதுதான். பெரிய கோச்சுகள் யாரும் விதிக்கு வெளியே யோசிக்கவில்லை, விதி விட்ட இடைவெளியில்தான் புகுந்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 21

டாக்டிக்ஸ் புத்தகமே வேண்டாம் என்பதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். மேலே 1925 கதையை எழுதிய பிறகு அலமாரியிலிருந்து ஜோனதன் வில்சனின் 'இன்வெர்டிங் தி பிரமிட்' புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன் (2008-ல் வந்தது). இதை மட்டும் வாங்கலாம். ஆனால் இதில் டிரில் எதுவும் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், இது வரலாறு. ஐந்து ஃபார்வர்டு வைத்து ஆடிய காலத்திலிருந்து ஒருவர்கூட இல்லாமல் ஆடும் காலம் வரை ஆட்டம் எப்படித் தலைகீழாகியது என்ற கதை. விதிப் புத்தகம் ஒரு கையில், இது இன்னொரு கையில் என்று படித்தால்தான் ருசி.

1953 நவம்பர் 25, வெம்ப்ளியில் ஹங்கேரி 6, இங்கிலாந்து 3. அந்தப் பகுதியை மறக்காமல் படியுங்கள். ஹங்கேரியின் ஹிடெக்குட்டி 9-ம் நம்பர் போட்டுக்கொண்டு சென்டர் ஃபார்வர்டு இடத்தில் நிற்காமல் நடுக்களத்துக்கு இறங்கிவிட்டார். இங்கிலாந்தின் சென்டர் ஹாஃப் ஹாரி ஜான்ஸ்டன் பின்னாலேயே போனால் பின்னால் ஓட்டை, போகாமல் நின்றால் ஹிடெக்குட்டி சும்மா கிடக்கிறார். மூன்று கோல் போட்டார். இதே குழப்பத்தைப் பள்ளி ஆட்டத்தில் நாங்களே உண்டாக்கியிருக்கிறோம். எங்களிடம் ஒரு பையன், ஓட்டம் கம்மி, பாஸ் பிரமாதம். அவனுக்கு 9-ம் நம்பர் கொடுத்து நடுவில் விட்டோம். எதிரணி ஸ்டாப்பர் (நடு டிஃபென்டர்) இடைவேளை வரைக்கும் அவர் கோச்சைப் பார்த்து "போகட்டுமா, நிக்கட்டுமா" என்று கத்திக்கொண்டே இருந்தார். கோச்சுக்கும் தெரியவில்லை. (ஆட்டம் டிரா. ஹிடெக்குட்டிக்குப் பக்கத்தில் ஹங்கேரியின் நட்சத்திரம் புஷ்காஷ் இருந்தார், எங்களுக்கு அந்த வசதி இல்லை.)

ஏப்ரல் 22

தனிச் செய்தியில் ஒருவர்: "விதிப் புத்தகத்தை ஆரம்பித்தேன், 2-வது விதியில் பந்துக் காற்றழுத்தம் 0.6-லிருந்து 1.1 அட்மாஸ்ஃபியர், எடை 410-லிருந்து 450 கிராம் என்று இருக்கிறது, எங்கள் பள்ளிப் பந்தை வைத்துப் பார்த்தால் ஒரு விதியும் தேறாது."

சைக்கிள் கடைக்காரரிடம் அடிக்கச் சொன்னால் அவருக்குப் பந்தும் டியூபும் ஒன்றுதான். கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பதுதான் நம் அட்மாஸ்ஃபியர். சின்னப் பசங்களுக்கு அளவில் சின்னதான 4-ம் நம்பர் பந்து வாங்குங்கள் என்று மட்டும் ஹெட்மாஸ்டரிடம் போராடுங்கள், மற்றதை விடுங்கள்.

ஏப்ரல் 27

ஃபுட்பாலுக்கு வெளியே ஒன்று. அமெரிக்காவில் ஜான் வுடன் என்று ஒரு பாஸ்கெட்பால் கோச், யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணி, 12 சீசனில் 10 தேசியப் பட்டம். அவருடைய கடைசி சீசனில், 1974-75-ல், ரொனால்ட் காலிமோர், ரோலண்ட் தார்ப் என்ற இரண்டு உளவியலாளர்கள் பயிற்சி நேரத்தில் உட்கார்ந்து அவர் வாயிலிருந்து வந்ததையெல்லாம் வகை பிரித்து எண்ணினார்கள். மொத்தம் 2,326 பதிவு. பாராட்டு 6.9 சதவீதம். அதிருப்தி 6.6 சதவீதம். கிட்டத்தட்ட 75 சதவீதம் வெறும் தகவல்: எதைச் செய், எப்படிச் செய், இந்த இடத்தில் இப்படி. அதுவும் சின்னச் சின்ன வாக்கியம். காலிமோர் பிற்பாடு, வுடனிடம் ஆடிய ஸ்வென் நேட்டருடன் சேர்ந்து 'யூ ஹேவன்ட் டாட் அன்டில் தே ஹேவ் லேர்ன்ட்' என்று புத்தகமே எழுதினார். எனக்குத் தெரிந்து கோச்சுகளுக்கு இதைவிட உபயோகமான மெல்லிய புத்தகம் இல்லை.

இதைப் படித்துவிட்டு என்னுடன் இருக்கும் இன்னொரு கோச் ஃபோனைச் சட்டைப் பையில் போட்டு ஒரு சாயங்காலப் பயிற்சி முழுக்க ரெக்கார்டு செய்தார். டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு பேரும் கேட்டோம். 'டேய்' நிறைய. 'ஓடு ஓடு' அதைவிட நிறைய. 'எங்கே ஓடு' என்பது மட்டும் கடைசி வரை வரவில்லை. மனுஷன் டீயைப் பாதியில் வைத்துவிட்டார்.

நீங்களும் செய்து பாருங்கள், செலவு இல்லை.

ஏப்ரல் 29

வுடன் விஷயத்தில் ஒரு பின்யோசனை. அது ஒரே ஒரு கோச், ஒரே ஒரு சீசன். அவரிடம் வந்தவர்கள் நாடு முழுக்கத் தேடி எடுத்த வாலிபர்கள், பாராட்டாவிட்டாலும் மறுநாள் வருவார்கள். நம்மிடம் வருகிறவன் ஆறாம் வகுப்பு, வீட்டில் "பந்து விளையாடப் போய் நேரத்தை வீணாக்குகிறான்" என்று திட்டு வாங்கிக்கொண்டு வருகிறவன். அவனுக்கு 6.9 சதவீதம் போதாது. தகவல் அதிகமாகட்டும், திட்டு குறையட்டும், பாராட்டை மட்டும் வுடனைப் பார்த்து வெட்டிவிடாதீர்கள்.

அதே ஜாதியில் இன்னொன்று, புத்தகம் இல்லை, ஓர் ஆய்வு. 1979-ல் ஷே, மார்கன் என்ற இருவர் செய்தது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து அப்புறம் அடுத்ததுக்குப் போன குழு பயிற்சியின்போது நன்றாகச் செய்தது. மூன்றையும் கலந்து கலந்து செய்த குழு அப்போது தடுமாறியது. ஆனால் பிறகு வைத்த சோதனையில் கலந்து செய்தவர்கள்தான் மேலே. அது பரிசோதனை அறையில் கையால் செய்த வேலை, மைதானத்தில் அப்படியே நடக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும் வரிசையில் நிற்க வைத்து இன்சைடு பாஸ் இருபது, அவுட்சைடு பாஸ் இருபது என்று நடத்தும் பயிற்சி பார்க்க அழகாக இருப்பதற்கும் ஆட்டத்தில் காணாமல் போவதற்கும் காரணம் இதில் கொஞ்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மே 4

"80 சதவீத கோல் மூன்று பாஸுக்குள் வருகிறது, எனவே நீளமாக அடி" என்று ஒருவர் போட்டிருக்கிறார். இந்தக் கணக்கு சார்லஸ் ரீப்பிடமிருந்து வந்தது. விமானப்படை அதிகாரி, 1950 மார்ச்சில் ஸ்விண்டன் அணி ஆடியதைப் பார்த்து எரிச்சலாகி நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் குறிக்க ஆரம்பித்தவர், அப்புறம் பல வருடம் விடவே இல்லை. அந்த உழைப்புக்கு ஒரு கும்பிடு. ஆனால் 1968-ல் அவரும் பெஞ்சமினும் வெளியிட்ட ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: ஆட்டத்தில் நடக்கும் நகர்வுகளில் 91.5 சதவீதம் மூன்று பாஸுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. அப்படியென்றால் 91.5 சதவீத நகர்வில் 80 சதவீத கோல்தான் வந்திருக்கிறது, மிச்சமுள்ள 8.5 சதவீதம் 20 சதவீத கோலைக் கொடுத்திருக்கிறது. ரீப்பின் எண்ணே ரீப்புக்கு எதிராக நிற்கிறது. வில்சன் புத்தகத்தில் இதைப் பிரித்துப் போட்டிருக்கிறார், படியுங்கள்.

எண் பிடிக்கும் என்றால் 'தி நம்பர்ஸ் கேம்' (2013, கிறிஸ் ஆண்டர்சன், டேவிட் சாலி). கார்னரைப் பற்றி ஓர் இடம் வரும். பிரீமியர் லீகில் ஓர் அணி கார்னரிலிருந்து ஒரு கோல் போடச் சுமார் பத்து ஆட்டம் ஆகிறது. நாம் என்னவென்றால் வெள்ளிக்கிழமை முழுக்கக் கார்னர் அடித்துப் பார்க்கிறோம். ஆனால் ஒரு விஷயம், அங்கே கீப்பர் ஆறடிக்கு மேல். நம் பள்ளி ஆட்டத்தில் கீப்பர் கை கிராஸ்பாரில் எட்டாது, கார்னர் அங்கே நல்ல சரக்குதான். புத்தகத்தில் இருக்கிறது என்பதற்காக அதை நிறுத்திவிட வேண்டாம்.

டச்சு கோச் ரினஸ் மிகெல்ஸ் எழுதிய 'டீம்பில்டிங்' பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நல்ல புத்தகம், ஆனால் வருடக்கணக்கில் ஒரே அணியைக் கையில் வைத்திருப்பவருக்கு. பத்தாம் வகுப்பு வந்ததும் பாதி டீமை டியூஷனுக்கு இழக்கும் நமக்கு அப்புறம் பார்க்கலாம்.

மே 11

"எல்லாம் வெள்ளைக்காரன் புத்தகமாகவே சொல்கிறீர்களே." நியாயம்.

நோவி கபாடியாவின் 'பேர்ஃபுட் டு பூட்ஸ்' (2017). இந்திய ஃபுட்பால் வரலாறு. டெல்லியில் ஆங்கிலப் பேராசிரியர், வர்ணனையாளர், 2021-ல் காலமானார். வெறும் காலோடு 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் ஃபிரான்ஸிடம் 2-1 என்று தோற்றோம், கிடைத்த இரண்டு பெனால்டியையும் விட்டோம், அந்த ஒரு கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். இந்தக் கதை நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது.

கோச்சாக அதில் தேட வேண்டியவர் சையது அப்துல் ரஹீம். ஹைதராபாத்காரர், பள்ளி ஆசிரியர், அதாவது நம் ஆள். 1951, 1962 ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் நாலாவது இடம். 1962 ஜகார்த்தாவில் ஸ்டாப்பர் ஜர்னைல் சிங் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார், டிஃபென்ஸில் அவரை வைப்பது ஆபத்து என்று சென்டர் ஃபார்வர்டு ஆக்கினார் ரஹீம். இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று ஜெயித்தபோது ஒரு கோல் ஜர்னைல் போட்டது. ரஹீம் அடுத்த வருடமே புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது அவர் ஹைதராபாத்தில் பையன்களுக்கு நடத்திய போட்டிகள். டிரிப்ளிங்கே கூடாது என்று ஒரு போட்டி. பழக்கமில்லாத காலால் மட்டும் ஆட வேண்டும் என்று இன்னொன்று. ஒரு பைசா செலவில்லாமல் விதியைக் கொஞ்சம் திருகி அதிலேயே பாடத்தை வைத்துவிட்டார், ஓரத்தில் நின்று "இடது கால், இடது கால்" என்று தொண்டை வற்றக் கத்த வேண்டியதில்லை. நான் ஏப்ரலிலிருந்து விதி விதி என்று சொல்லிக்கொண்டிருப்பதை அந்த மனிதர் நானெல்லாம் பிறப்பதற்கு முன்பே செய்து முடித்திருக்கிறார்.

எங்கள் மே மாத செவன்ஸில் 'இடது கால் கோல்தான் செல்லும்' என்று ஓர் ஆட்டம் வைத்தோம். சின்னவர்கள் ஜாலியாக ஆடினார்கள். பெரியவர்கள் டீம் கேட்டு வாங்கி ஆடிவிட்டு, ரெஃப்ரியோடு சண்டை போட்டுவிட்டுப் போனார்கள்.

மே 19

பெண்கள் அணிக்குக் கோச்சாக இருக்கும் ஒரு டீச்சர், முழங்கால் காயம் பற்றி ஏதாவது படிக்க இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப் கையேடு. இதுவும் இலவசம், இதுவும் பிடிஎஃப். மூன்று பகுதி, 15 பயிற்சி, மொத்தம் இருபது நிமிடம், பெரிய சாதனம் எதுவும் வேண்டாம், சில கோனும் பந்தும் இருந்தால் போதும். நார்வேயில் 13-லிருந்து 17 வயசுப் பெண்கள் ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்து 2008-ல் வெளியிட்டார்கள், இதைச் செய்த அணிகளில் மொத்தக் காயம் மற்ற அணிகளைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்வதுதான் அதில் திரும்பத் திரும்ப வரும் விஷயம். படத்தைப் பார்த்தே செய்துவிடலாம். வாரத்துக்கு இரண்டு முறையாவது செய்ய வேண்டும், போட்டிக்கு முதல் நாள் மட்டும் செய்து பிரயோஜனம் இல்லை.

பையன்களுக்கும் இதே. மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டு நேராக ஆட்டம் ஆரம்பிப்பதை விடுங்கள்.

மே 26

முதலில் கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். 14 விதி முடிந்ததாம், பள்ளி திறக்கும் முன் மிச்சமும் ஆகிவிடும் என்கிறார். ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறார்: கீப்பர் 6 விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் இன்டைரக்ட் ஃப்ரீ கிக் என்று புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் ஒரு ரெஃப்ரியும் விசில் அடித்து நான் பார்த்ததில்லையே?

யாருமே பார்த்ததில்லை. அதனால்தான் மாற்றிவிட்டார்கள். 2025 ஜூலை 1 முதல் புதுப் பதிப்பு, 8 விநாடி வரை வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் போனால் எதிரணிக்குக் கார்னர். கடைசி 5 விநாடியை ரெஃப்ரி கையைத் தூக்கி விரலால் எண்ணிக் காட்டுவார். உங்கள் கையில் இருப்பது பழைய பதிப்பு, புதுப் பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள், என்னென்ன மாறியது என்று தனியாகவே பட்டியல் போட்டிருப்பார்கள், அதை மட்டும் படித்தால் போதும்.

குறுவட்டப் போட்டி ரெஃப்ரிகளுக்கு இது எப்போது போய்ச் சேரும் என்று தெரியாது. எதற்கும் இப்போதே உங்கள் கீப்பரை எட்டு எண்ணி உதைக்கப் பழக்குங்கள். முன்னிலையில் இருக்கும்போது பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்துக்கிடக்கும் கீப்பர் எங்களிடம் ஒருவன் இருக்கிறான், அவனுக்கு இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை.

ஆமாம், இன்னொரு கேள்வி: எட்டு விநாடி எப்போதிலிருந்து எண்ணுவது? பந்து கீப்பரின் முழுக் கட்டுப்பாட்டில் வந்ததிலிருந்து. டைவ் அடித்து விழுந்தவன் எழுந்திருக்க ரெஃப்ரி கொஞ்சம் விடுவார். எழுந்த பிறகு பூட்ஸ் லேஸ் கட்ட விட மாட்டார்.